உருவம் இல்லாத ஓவியம்: நாமும் செய்து பார்க்கலாம்



ஊறுகாய், சாம்பிராணி, பாக்குமட்டைத் தட்டு என்று எத்தனையோ தொழில்களைப் பற்றி நாம் படித்தும் பழகியும் இருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான பாடம்.

எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பில் ஓவியப் பயிற்சி என்று சொன்னதும் இருபது பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் நாள் ஆளுக்கு ஒரு அட்டையும் கலரும் கொடுத்து, "உங்க ஊரை வரைங்க" என்றேன். இருபது அட்டையிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், பக்கத்தில் ஒரு ஆறு. ஒரகடம் பக்கத்தில் அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது? நம்ம ஊரில் இருப்பது ஆறு வழிச் சாலை, கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், நீளமான மதில் சுவர், நடுவில் மிச்சம் இருக்கும் ஏரி.

"ஏன் அக்கா எல்லாரும் இதையே வரைஞ்சீங்க?" என்று கேட்டேன். "படம்னா அப்படித்தானே மேடம் இருக்கணும்" என்றார் ஒருவர். கடைசி வரிசையில் இருந்த ஒரு அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "என் மனசுல இருக்கறதுக்கு உருவமே இல்ல. அதை எப்படி வரையறது?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பாடம்.

உருவம் இல்லாமல் படமா?

ஆள், மரம், வீடு என்று எதையும் வரையாமல், நிறம், கோடு, மேடு பள்ளம், வெற்றிடம் இவற்றை மட்டும் வைத்து ஒரு உணர்வைச் சொல்வதை அரூப ஓவியம் என்பார்கள். அதில் பெயின்டோடு மண், துணி, காகிதம், நூல் என்று பல பொருட்களையும் சேர்த்துச் செய்தால் அது கலப்பு ஊடக ஓவியம்.

"இது நமக்கெல்லாம் வருமா?" என்று நினைக்க வேண்டாம். தினமும் விடிகாலையில் வாசலில் புள்ளி வைத்துக் கோடு சுற்றுகிறோமே, சிக்குக் கோலம், அதில் என்ன உருவம் இருக்கிறது? சாணம் மெழுகிய தரையில் நம் கை போன வழியெல்லாம் பிறை பிறையாக விழுகிறதே, அது என்ன உருவம்? கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடிக்கிறோமே, அது? வறட்டி தட்டிய சுவரில் பதிந்த ஐந்து விரலும் ஒரு ஓவியம்தான். இது நம் கைக்குப் பழகிய வேலை. பெயர்தான் புதிது.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கையில் வந்ததை அள்ளிப் பூசுவது அரூப ஓவியம் ஆகாது. எதைப் போடுவது, எதை மூடுவது, மூடியதில் எதைத் திரும்பவும் தெரிய விடுவது என்பதை ஒவ்வொரு படியிலும் நாமே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுதான் ஓவியம்.

நமக்கு முன்னால் செய்தவர்கள்

நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உள்ளது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். பணிக்கர் அப்போது சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வர். படித்து முடித்த மாணவர்களுக்கு ஓவியத்தால் மட்டும் சாப்பாடு கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர்கள் எல்லாரும் சேர்ந்து, மெழுகு வைத்துச் சாயம் போடும் பட்டிக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தின் துணையோடுதான் நிலம் வாங்கி, வீடு கட்டி, ஓவியமும் வரைந்தார்கள். யோசித்துப் பாருங்கள், நம் சுய உதவிக் குழு போலத்தானே இதுவும்? அங்கே 2009 முதல் ஒரு கலைக்கூடமும் இருக்கிறது. குழுவாக ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பணிக்கர் 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதில் ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், கணக்குக் குறிகள், எழுத்து மாதிரியே இருந்தும் படிக்க முடியாத கிறுக்கல்கள் எல்லாம் வரும். ஜாதகக் கட்டத்தை ஜோசியர் வீட்டில் நாம் எத்தனை முறை பார்த்திருப்போம்! அதையே ஓவியமாக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

திருச்சி மாவட்டம் துறையூர் பக்கத்தில் கீராம்பூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கே.எம். ஆதிமூலம் (1938-2008). தமிழ்ப் பத்திரிகைகளில் அவருடைய கோட்டோவியங்கள் நிறைய வந்திருக்கின்றன. நெசவாளர் சேவை மையத்திலும் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் உருவம் எதுவும் இல்லாமல், பெரிய பெரிய நிறப் பரப்புகளாகவே நிலத்தையும் வெளியையும் வரைந்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் பீல் பழங்குடிப் பெண் பூரி பாய். போபால் நகரில் பாரத் பவன் என்ற கலை மையம் கட்டும்போது சித்தாள் வேலைக்கு வந்தவர். 1982-ல் திறக்கப்பட்ட அந்த மையத்தின் கலைக்கூடப் பொறுப்பில் இருந்தவர் ஜே. சுவாமிநாதன், தமிழ்க் குடும்பத்துக்காரர். "உங்க வீட்டுச் சுவரில் வரைவதைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள்" என்று அந்தப் பெண்களிடம் கேட்டார். பூரி பாய் புள்ளி புள்ளியாக வரைந்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் படங்களில் மிருகம், மரம் எல்லாம் உண்டு, அரூபம் இல்லை. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. கல் சுமந்த கைக்கு ஓவியம் வெளியிலிருந்து வரவில்லை. ஏற்கெனவே இருந்ததை யாரோ ஒருவர் கேட்டார், அவ்வளவுதான்.

தேவையான பொருட்கள்

1. அட்டை: நம் பகுதியில் பேக்கிங் அட்டைக்குப் பஞ்சமே இல்லை. காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். எண்ணெய்க் கறை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.
2. பழைய பருத்தி வேட்டி அல்லது புடவைத் துணி.
3. ஃபெவிகால், சாக்குப் பொடி, வெள்ளை டிஸ்டம்பர்.
4. காவி, சலித்த செம்மண், அக்ரிலிக் கலரில் நான்கு (கறுப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம்).
5. வைக்கோல், தேங்காய் நார், பழைய செய்தித்தாள், கிழிந்த புடவைக் கரை, பட்டு நூல் கழிவு.
6. காஞ்சிபுரம் பக்கம் உறவு இருந்தால், தறியில் ஜக்கார்டு பெட்டியில் ஓடிக் கழித்துப் போட்ட துளை அட்டை.
7. பழைய சீப்பு, கரண்டி, மெழுகுவத்தி, பெயின்ட் பிரஷ்.

கம்பெனிக் கழிவில் எல்லாவற்றையும் தொட வேண்டாம். தின்னர் டப்பா, பெயின்ட் கசடு, பேட்டரி, எலக்ட்ரானிக் போர்டு, கண்ணாடி நார் இவை உடம்புக்குக் கெடுதல். அதோடு, வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் "கம்பெனியிலிருந்து ரெண்டு துண்டு எடுத்துட்டு வா" என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டில் சோதனையில் மாட்டினால் வேலை போய்விடும். கடையில் காசு கொடுத்து வாங்குவதே நல்லது.

பலகை தயார் செய்தல்

ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் இரண்டு அட்டை வெட்டுங்கள். ஒன்றில் உள்வரி நீளவாக்கில் ஓடினால், மற்றதில் குறுக்கே ஓட வேண்டும். ஃபெவிகால் தடவி ஒட்டி, மேலே அரிசி மூட்டை வைத்து ஒரு இரவு விடுங்கள். பிறகு துணியை இழுத்துப் போர்த்தி, ஓரத்தைப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள்.

ஃபெவிகால் ஒரு கரண்டி, தண்ணீர் ஒரு கரண்டி, சாக்குப் பொடி இரண்டு கரண்டி, டிஸ்டம்பர் ஒரு கரண்டி. தோசை மாவுப் பதம் வரும்வரை கலக்குங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீர் தெளிக்கலாம். முன்னும் பின்னும் இரண்டு முறை பூசுங்கள். பின்பக்கம் பூசாமல் விட்டால் பலகை அப்பளம் மாதிரி வளையும். சாக்குப் பொடிக்குப் பதில் நீற்றுச் சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள். கை வெந்துவிடும்.

செய்முறை

முதல் படி, நினைப்பது. ஒரே ஒரு உணர்வை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடுராத்திரி கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் மகளுக்காகக் காத்திருப்பது. அது கனமா, லேசா? சொரசொரப்பா, வழுவழுப்பா? எந்தப் பக்கம் இழுக்கிறது? செய்தித்தாளில் அடுப்புக்கரி வைத்து ஒரு நிமிடம் கோடு போடுங்கள். பிறகு கோபத்துக்கு ஒன்று, அலுப்புக்கு ஒன்று, நிம்மதிக்கு ஒன்று. நான்கையும் பக்கத்தில் வையுங்கள். கோடு ஒன்றுபோல் இருக்காது. உங்கள் கைக்கு வித்தியாசம் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாம் படி, அடி நிறம். காவியையோ செம்மண்ணையோ துணியில் வடிகட்டி, ஃபெவிகால் கலந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, பலகையைச் சாய்த்துச் சாய்த்து ஓட விடுங்கள். ஓடும் வழியில் தானாக ஒரு வடிவம் வரும். மஞ்சள் தூளும் டீ டிகாக்ஷனும் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். காவியும் மண்ணும் வெளுக்காது.

மூன்றாம் படி, ஒட்டுதல். காகிதத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மற்ற நிறத்தோடு கலந்து நிற்கும். அடியிலும் மேலேயும் ஃபெவிகால் தடவி, துணியால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டாம். ஒரு பெரிய இடம், ஒரு நடுத்தரம், ஒரு சின்னது போதும்.

நான்காம் படி, மேடு பள்ளம். ஃபெவிகாலில் சாக்குப் பொடியை இட்லி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து பூசுங்கள். ஈரமாக இருக்கும்போதே சீப்பால் இழுக்கலாம், நாரால் ஒற்றலாம், தரை மெழுகுவதுபோல் கையைச் சுழற்றலாம். ஒரு ரூபாய் நாணயக் கனத்துக்கு மேல் போனால் காய்ந்ததும் வெடிக்கும்.

ஐந்தாம் படி, மெழுகு. காய்ந்த பலகையில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து, மேலே நீர்த்த கலரைப் பூசுங்கள். மெழுகு பட்ட இடத்தில் கலர் நிற்காது, அடி நிறம் தெரியும். பட்டிக் துணி செய்வதும் இந்தத் தத்துவம்தான். ஆனால் மெழுகு மேல் பிறகு எதுவும் ஒட்டாது. அதனால் ஒட்டும் வேலை முடிந்த பிறகே மெழுகு.

ஆறாம் படி, துளை அட்டை. ஜக்கார்டு அட்டையைப் பலகை மேல் வைத்து, கெட்டிக் கலரை ஸ்பான்ஜால் ஒற்றுங்கள். வரிசையாகப் புள்ளிகள் விழும். ஏதோ ஒரு பட்டுப் புடவையின் கரையில் பூவை ஓட்டிய அதே துளைகள்தான் இவை.

ஏழாம் படி, மூடுதலும் சுரண்டுதலும். வேண்டாத இடத்தை ஒரே நிறத்தால் மூடுங்கள். அரை ஈரமாக இருக்கும்போது கரண்டி முனையால் சுரண்டினால் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். எண்ணெய்ப் பெயின்டை மட்டும் அடியில் போடாதீர்கள். அதன் மேல் தண்ணீர்க் கலர் உரிந்து வரும்.

எட்டாம் படி, நிறுத்துதல். எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான். படத்தைச் சுவரில் சாய்த்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியாகக் கையால் மறையுங்கள். மறைத்தால் படம் நன்றாக இருக்கிறதா? அந்தப் பகுதி வேண்டாதது. மறைத்தால் படம் செத்துப் போகிறதா? அதைத் தொடாதீர்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிறகு தண்ணீர் வார்னிஷ் ஒரு முறை பூசி, உங்கள் கையெழுத்துப் போடுங்கள்.

நான் செய்த தப்பு

இதையெல்லாம் நானும் பட்டுத்தான் கற்றேன். முதல் தொகுதியில் காசை மிச்சம் பிடிக்க மைதாப் பசை காய்ச்சி ஒட்டச் சொன்னேன். ஐப்பசி மழை வேறு. பத்து நாளில் பலகை வளைந்து, பூஞ்சை பூத்து, கரப்பான் அரித்து, பத்துப் பலகையும் வீணாகிவிட்டது. குழுப் பணம் போட்டு வாங்கிய சாமான். கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது எனக்குத் தலை நிமிரவில்லை. யாரும் திட்டவில்லை. "அடுத்த தடவை ரெண்டு பலகை செஞ்சு பாத்துட்டு அப்புறம் மிச்சத்த செய்யலாம்" என்று மட்டும் சொன்னார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்த அக்கா செய்த படம்

கடைசி வரிசை அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவர் வீட்டு நிலம் சிப்காட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது அந்த இடத்தில் மதில் சுவர். அவர் முதலில் செம்மண்ணைக் கரைத்து ஊற்றினார். அதன் மேல் பச்சை. பிறகு வைக்கோலைப் பிரித்துப் பிரித்து ஒட்டினார். எல்லாரும் சுற்றி நின்று "நல்லா வருதுக்கா" என்றார்கள். அடுத்த நாள் வந்து, கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சிமென்ட் நிறமாக்கி, முழுப் பலகையையும் மூடிவிட்டார்.

"அய்யோ, என்னக்கா இது! நல்லா இருந்ததைப் போய் மூடிட்டீங்களே" என்று சத்தம் போட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காய விட்டு, கரண்டியால் ஒரே ஒரு இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு நீளமாகச் சுரண்டினார். பச்சையும் இரண்டு வைக்கோலும் தெரிந்தன. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் சுரண்டுங்கக்கா" என்றேன்.

"போதும். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு" என்றார்.

எட்டாம் படி என்று மேலே எழுதினேனே, நிறுத்துதல், அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

விற்பனை பற்றி

இந்தப் படம் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஒருவர் விலை கேட்டார். அக்கா "குடுக்கறதில்ல" என்றார். மைதாவில் போன பணத்தை எடுக்க இது ஒரு வழி என்று எங்களில் சிலர் நினைத்தது உண்மை. கூட்டத்தில் பேசினோம். கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதினோம்: சாமான் செலவைக் குழுவுக்குத் திருப்பிக் கட்டிய பிறகு படம் வரைந்தவருக்கே சொந்தம், அவர் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது. அக்கா சாமான் செலவை மூன்று தவணையில் கட்டினார். படம் அவர் வீட்டில் இருக்கிறது.

இன்னொரு இடத்திலிருந்து "ஒரே மாதிரி பன்னிரண்டு படம் வேண்டும்" என்று கேட்டார்கள். முயற்சி செய்தோம். மூன்றாவது படத்திலேயே கை அலுத்துவிட்டது. ஒரு தடவை உணர்ந்ததைப் பன்னிரண்டு தடவை உணர முடியாது. அப்போதுதான் சோழமண்டலத்துக்காரர்கள் செய்தது புரிந்தது. வயிற்றுக்குக் கைவினை, மனசுக்கு ஓவியம். இப்போது துளை அட்டைப் புள்ளி வைத்த ஃபைல் அட்டை, வாழ்த்து அட்டை, துணிப்பை இவற்றை ஒரே மாதிரி நிறையச் செய்கிறோம். ஆர்டருக்கு அவை. ஓவியம் ஒன்று ஒன்றுதான்.

விலை போடும் முறை: சாமான் செலவு, வேலை செய்த மணிக்குக் கூலி, சட்டம் போட்ட செலவு, போக்குவரத்து. இவற்றைக் கூட்டி, அதன் மேல் லாபம் வையுங்கள். உதாரணத்துக்கு, சாமான் 150, எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு 50 வீதம் கூலி 400, சட்டம் 200, போக்குவரத்து 50. ஆக அடக்கமே 800 ரூபாய். "பழைய அட்டைதானே" என்று 200 ரூபாய்க்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். பெண்கள் தங்கள் மணிக்கணக்கை எழுதாமல் விடுவதுதான் எப்போதும் நஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. இதை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம். மாதா மாதம் விற்கும் பொருள் இல்லை இது. சேமிப்பில் சிறிது ஒதுக்கி, இரண்டு பலகையில் தொடங்குங்கள். கைவினைப் பொருட்களை மகளிர் திட்டக் கண்காட்சிகளில் வைத்துப் பார்க்கலாம்.

"இது என்ன படம்?" என்று யாராவது கேட்டால் பயப்பட வேண்டாம். பெரிய விளக்கம் தேவையில்லை. என்ன பொருட்களால் செய்தது, எதை நினைத்துச் செய்தது, இரண்டு வரி சொன்னால் போதும். அதுவும் சொல்ல இஷ்டம் இல்லையென்றால், "நீங்க பாருங்க, உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. உங்கள் வீட்டில், தெருவில், உருவம் இல்லாத ஓவியங்கள் எவை? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.
2. உங்கள் ஊரில் இருந்து இப்போது இல்லாத ஒன்றை, அதை வரையாமலே எப்படிக் காட்டுவீர்கள்? என்ன நிறம், என்ன பொருள்?
3. ஒருவர் செய்த படம் குழுவுக்குச் சொந்தமா, அவருக்குச் சொந்தமா? முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
4. செய்து பார்த்தது கெட்டுப் போனால், எந்தப் படியில் கெட்டது என்று குறித்து வையுங்கள். அடுத்த குழுவுக்கு அது உதவும்.

மலையும் சூரியனும் குடிசையும் வரைவது தப்பில்லை. ஆனால் ஒரு தடவையாவது, யாரும் சொல்லிக் கொடுக்காத உங்கள் சொந்தப் படத்தை ஒரு பலகையில் போட்டுப் பாருங்கள். எங்கே நிறுத்துவது என்று உங்கள் கையே சொல்லும்.